சதுக்கத்து பிலிம்

உள்ளே நுழைந்ததும் மேஜர் ஜுமாதில் ஸ்டுடியோ கதவைத் தாழ்ப்பாள் போட்டார். போலீஸ் கோட்டிலிருந்த பனியைக்கூடத் தட்டாமல், உள்பையிலிருந்து ஒரு பிலிம் ரோலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"கறுப்பு வெள்ளை. இப்பவே கழுவணும். நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

ஸ்டுடியோக்காரர் ஓராஸ்பெக் ரோலைத் தொடவில்லை. "எங்க எடுத்தது, ஐயா?"

"சதுக்கத்துல. செவ்வாய்க்கிழமை."

செவ்வாய்க்கிழமை அங்கே அரசாங்கத்தை எதிர்த்து மாணவர்கள் கூடினார்கள். இருட்டுவதற்குள் தடியும் நாயும் வந்து கூட்டத்தைக் கலைத்தன. ஆஸ்பத்திரிக்குப் போன சிலர் திரும்பவேயில்லை. அன்றிலிருந்து போலீஸ்காரர்கள் போட்டோக்களை வைத்துக்கொண்டு முகம் முகமாகத் தேடிப் பிடிக்கிறார்கள்.

ஓராஸ்பெக்கின் மகள் அக்மாரலும் அன்று சதுக்கத்தில்தான் இருந்தாள். இப்போது அலாதாவ் மலையடிவாரத்தில், அத்தை வீட்டில் ஒளிந்திருக்கிறாள்.

"உங்க ஆபீஸ்லயே கழுவுவாங்களே, ஐயா?"

"அங்க வேண்டாம். உங்க கை சுத்தமான கைன்னு கேள்விப்பட்டேன்."

"சரி... ரசீது யார் பேர்ல போட?"

"ரசீதெல்லாம் வேண்டாம். எதுலயும் எழுதாதீங்க." மேஜரின் குரல் தாழ்ந்தது. "ஒரே ஒரு படம் தெளிவா வந்தாக்கூட எனக்குப் போதும்."

போதும்தான். ஒரு பெண்ணைக் கல்லூரியிலிருந்து துரத்தவும், அப்பனோடு சேர்த்து உள்ளே தள்ளவும் ஒரு படம் தாராளம்.

இருட்டறையில் ஓராஸ்பெக்கின் விரல்கள் தாமாகவே பிலிமைச் சுருளில் ஏற்றின. வேண்டுமென்றே சொதப்பலாம் என்றால், முப்பது வருடப் பழக்கம் விடவில்லை. மருந்தில் போட்டு, அலசி, விளக்கைப் போட்டு, ஈரம் சொட்டச் சொட்டத் தூக்கிப் பிடித்தார்.

எடுத்த ஆளுக்குக் கலைக்கண் இருந்தது. நெகட்டிவில் பனி கறுத்தும் கோட்டுகள் வெளுத்தும் கிடந்தாலும், அவர் மனசுக்குள் படம் நேராகவே விழுந்தது. சாய்ந்த வெயில், குளிரில் புகையும் மூச்சு, ஒரே டீக் கோப்பையைச் சுற்றி நாலு ஜோடிக் கைகள். ஒரு நிமிஷம் பயத்தை மறந்து ரசித்தார்.

பதினோராவது படத்தில் அக்மாரல் நின்றாள். கேமராவை நேருக்கு நேர் பார்த்து, வாய்கொள்ளாத சிரிப்பு. பக்கத்திலிருந்த பிள்ளைகளும் அப்படியே சிரித்தார்கள்.

"பைத்தியக்காரி!" என்று முனகினார். "போலீஸ்காரன் படம் எடுக்கறான், பல்லைக் காட்டிட்டு நிக்கறியே!"

அதை மட்டும் வெட்டி எடுத்துவிடலாமா என்று பார்த்தார். அடுத்ததிலும் அவள் இருந்தாள். அதற்கடுத்ததிலும்.

கதவு தட்டப்பட்டது. "வந்துடுச்சா? முகமெல்லாம் தெரியுதா?"

மருந்து கலக்க வைத்திருந்த தண்ணீர் ஸ்டவ்மேல் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஓராஸ்பெக் பிலிமைத் தட்டில் போட்டு, கெட்டிலை அப்படியே கவிழ்த்தார். வெயிலும் மூச்சும் கைகளும் மகளின் சிரிப்பும் கஞ்சிபோல் குழைந்து வழிந்தன.

இவ்வளவு அழகான வேலையைத் தன் கையாலேயே அழிக்க வேண்டியதாயிற்று. ஆனால் அக்மாரல் தப்பித்தாள்.

மிஞ்சிய வெற்றுப் பட்டையோடு கதவைத் திறந்தார். "மன்னிச்சுடுங்க, ஐயா. தண்ணி சூடு ஜாஸ்தியாயிடுச்சு. எல்லாம் கரைஞ்சு போச்சு."

கையை ஓங்குவார் என்று எதிர்பார்த்தார். மேஜர் அந்தப் பட்டையை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிதானமாகப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை பார்த்தார். தொப்பி கீழே விழுந்ததை எடுக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஓராஸ்பெக்குக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. வேறு படம் எங்காவது மிச்சமிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நூல் விட்டுப் பார்த்தார். "படம் எடுத்தவர்கிட்ட இன்னொரு ரோல் இருந்தாலும் இருக்கும், ஐயா. கேட்டுப் பாருங்களேன்."

மேஜர் தலையை நிமிர்த்தவில்லை.

"எடுத்தது என் பொண்ணு. நேத்து அடக்கம் பண்ணிட்டோம்."