இன்னொரு டியூப் ரத்தம்

"என் பிள்ளை உடம்பு என்ன தண்ணிக் குழாயா, தோணும்போதெல்லாம் திறந்து பிடிக்கிறதுக்கு?"

மாமியார் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. சிரிஞ்சோடு வந்த லேப் பெண் கட்டிலருகே அப்படியே நின்றாள்.

கோபம் வராமல் என்ன செய்யும்? மகனுக்குக் குடலில் புற்றுநோய். இன்று காலை ஆபரேஷன் நடந்திருக்க வேண்டும். ரத்தத்தில் ஏதோ ஒரு என்சைம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, இந்த நிலையில் கத்தி வைத்தால் தேறுவது கஷ்டம் என்று நேற்று சாயங்காலம் சர்ஜன் கையை விரித்துவிட்டார். அப்போதிருந்து மருமகள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இப்போது இவள் வந்து, அந்த அளவு தப்பாக இருக்கலாம், இன்னொரு டியூப் ரத்தம் வேண்டும் என்கிறாள்.

"தப்பா? யாரு பண்ணின தப்பு?"

லேப் பெண் மருமகளை ஒரு தரம் பார்த்தாள். "என் தப்புதாம்மா," என்றாள்.

அவ்வளவுதான். மாமியார் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். படித்துத்தான் வேலைக்கு வந்தாயா, உன் கூடப்பிறந்தவன் இங்கே படுத்திருந்தால் இப்படிச் செய்வாயா என்று கேட்டார். அதோடு விடாமல் பெரிய டாக்டர் அறைக்கே போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். மருமகளும் கையெழுத்துப் போட்டாள். ஆத்திரத்தில் பேனா காகிதத்தைக் கிழித்தது.

மத்தியானம் புது ரிப்போர்ட் வந்தது. அளவு சரியாகவே இருந்தது. நாளைக்கே ஆபரேஷன் என்றார் சர்ஜன். லேப் பெண்ணுக்கு மெமோ கொடுத்துவிட்டார்களாம்.

"மெமோ எந்த மூலைக்கு? வேலையை விட்டே தூக்கணும்," என்றார் மாமியார்.

மருமகளுக்கும் ஆறவில்லை. நேரே லேபுக்குப் போனாள்.

"ஒரு நாள் முழுக்க எங்களை உயிரோட சாகடிச்சிட்டியே. அப்படி என்ன தப்பு பண்ணித் தொலைச்சே?"

லேப் பெண் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"டியூபை வேகமா குலுக்கினா உள்ளே ரத்த அணு உடைஞ்சிடும்கா. அந்த என்சைம் அளவு தாறுமாறா ஏறிடும். நேத்து அதை இங்கே கொண்டுவந்தது நீங்கதான். மருந்து பாட்டில் மாதிரி குலுக்கிக்கிட்டேதான் உள்ளே வந்தீங்க. காலையில டியூபை மறுபடி எடுத்துப் பார்த்தப்பதான் எனக்கே புரிஞ்சது."

ரத்தம் உறைந்துவிடக் கூடாதே என்றுதான் மருமகள் குலுக்கினாள்.

"இதை அத்தைகிட்டயே சொல்லியிருக்கலாமே..."

"நான் திட்டு வாங்கிக்கிட்டு அஞ்சு மணிக்கு என் வீட்டுக்குப் போயிடுவேன்கா. நீங்க அவங்களோடதானே வீட்டுக்குப் போகணும்?"