மூடிமேல் இருந்த செங்கல்

கண்ணாடித் தொட்டியில் விளிம்புவரை தண்ணீர், போதாததற்கு பிளாஸ்டிக் தாமரை. உள்ளே தண்ணீர்ப்பாம்பு, பத்து நாளாக ஊறித் தோலெல்லாம் கொப்புளம்.

"தண்ணீர்ப்பாம்புக்குத் தண்ணீர் கசக்குதாக்கும்?" என்றது, பாம்பு தப்பிக்காமலிருக்க மூடிமேல் வைத்திருந்த செங்கல்.

"சோறு பிடிக்கும்னா அண்டாவுக்குள்ளேயே குடித்தனம் பண்ணுவாங்களா? உடம்பு காயலைன்னா செத்துடுவேன் அண்ணே."

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லேன்."

"இன்னொரு தாமரை வாங்கப் போயிருக்கார்."

செங்கல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் மூடி சரிந்து, அது தொப்பென்று உள்ளே விழுந்தது. கண்ணாடி விரிசல் விட்டு, பாதித் தண்ணீர் ஒழுகியது. செங்கல்லின் முதுகு வெளியே தெரிந்தது. அதில் ஜன்னல் வெயில் விழுந்தது.

"மூடி திறந்து கிடக்கே, ஓடிடுவியா?" என்று பதறியது செங்கல்.

பாம்பு அதன் முதுகில் ஏறிச் சுருண்டது.

"அதெல்லாம் அப்புறம். அசையாம இருங்கண்ணே, முதல்ல காயறேன்."