பஸ் தந்த தண்ணீர்

"குடிச்சுக் காட்டுங்க. அப்புறம் கையெழுத்துப் போடுறேன்" என்று காகிதக் குவளையை நீட்டினார் மேயர் இனோகுமா.

பஸ் விற்க வந்த கனமோரி காலிக் குவளையை எட்டிப் பார்த்தாள். நகராட்சி அலுவலக வாசலில், ஆகஸ்ட் வெயிலில், இரண்டு வெள்ளைப் பேருந்துகள் அடுத்தடுத்து நின்றன. அவள் கொண்டுவந்தது ஹைட்ரஜனில் ஓடுவது; பக்கத்தில் நின்றது போட்டிக் கம்பெனி விற்பனையாளன் ஷிராகவாவின் பேட்டரி பஸ். ஹினோசாவா ஊருக்கு வேண்டியதோ ஒன்றே ஒன்று.

இதை விற்காவிட்டால் அவளுக்கு அடுத்த மாதமே ஹொக்கைடோவுக்கு மாற்றல். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது, விசிட்டிங் கார்டில்கூட இன்னும் பிறந்த வீட்டுப் பெயர்தான். புருஷனை இங்கே விட்டுவிட்டு மூன்று வருஷம் அந்தப் பனியில் தனியாகக் கிடப்பதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

"அவங்க பஸ்ஸுக்கு காஸ் நிரப்பணும்னா நாப்பது கிலோமீட்டர் போகணும் சார்" என்றான் ஷிராகவா, காலையிலிருந்து பத்தாவது தடவையாக.

"பங்க்கை நாங்களே வெச்சுத் தர்றோம். உங்க பஸ்ல சார்ஜ் ஏறி முடியறதுக்குள்ள ஜனங்க நடந்தே வீடு போய்ச் சேர்ந்துடுவாங்க!" என்று அவளும் விடவில்லை.

மேயர் சிரித்துவிட்டார். "உங்க சண்டையை அப்புறம் வெச்சுக்குங்க. எங்க பிழைப்பே ஓடைத் தண்ணியில விளையற வசாபிதான். பஸ் போற வழி முழுக்க ஓடைக்கரை. உங்க பஸ் விடறது வெறும் தண்ணிதான்னீங்களே, அதைக் குடிங்க பாப்போம்."

பனிக்காலத்தில் பணிமனையில் பஸ்ஸின் புகைக்குழாயின் கீழே கை நீட்டிக் குளிர்காய்ந்தவள் அவள். சுத்தமான தண்ணீர்தான் என்பது தெரியும். ஆனாலும் யார் அதைக் குடித்துப் பார்த்தார்கள்?

"நானே பிடிச்சுட்டு வர்றேன் சார்."

"அதெல்லாம் வேண்டாம்மா. பாட்டில் தண்ணியை ஊத்திட்டா? எதிராளி பிடிச்சாத்தான் நம்பிக்கை." குவளை ஷிராகவாவின் கைக்குப் போனது.

போச்சு, என்று நினைத்தாள் கனமோரி. சீட்டாட்டத்தில்கூடத் தோற்கச் சம்மதிக்காதவன் அவன்.

அவள் ஏறி வண்டியைக் கிளப்பினாள். பக்கத்து பஸ்ஸில் நகராட்சி ஊழியர்கள் ஏசியைப் போட்டுக்கொண்டு சொகுசாக உட்கார்ந்திருந்தார்கள். ஷிராகவா இரண்டு பேருந்துகளுக்கும் நடுவே போய்க் குனிந்தான். ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை.

கடைசியில் நிறைந்த குவளையோடு, உர்ரென்ற முகத்தோடு வந்தான். "இந்தாங்க மேடம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு பாதியை மடமடவென்று குடித்தாள். மீதியை மேயர் வாங்கி வாயில் விட்டுக்கொண்டார். அவர் முகம் மலர்ந்தது.

"அட! எங்க ஓடைத் தண்ணி மாதிரியே ஜில்லுனு இருக்கே!"

அந்த இடத்திலேயே கையெழுத்து விழுந்தது. ஊழியர்கள் கை தட்டினார்கள். மேயர் காகிதங்களோடு உள்ளே போனார்.

கனமோரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "என்ன ஷிராகவா சார், தோத்துட்டீங்க போலிருக்கே!"

அவன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அருகில் வந்தான். "உன் பஸ் வெறும் ஆவிதான் விட்டுது, ஒரு சொட்டு விழல. நீ குடிச்சது என் பஸ்ஸோட ஏசித் தண்ணி."

அவள் வாயைப் பிளந்தாள். "அடப்பாவி! ஏன் அப்படிப் பண்ணே?"

"நீ ஹொக்கைடோ போயிட்டா வீட்ல நான் யாரோட சண்டை போடுறது? சாயங்காலம் வரும்போது தோஃபு வாங்கிட்டு வந்துடு."