திறப்பதற்காக

வெள்ளைச் சீட்டு தீர்ந்திருந்தது.

ஆலய வாசல் மேசையில் மஞ்சள் மட்டும் கட்டாக இருந்தது. வெள்ளை, ஜெப விண்ணப்பத்துக்கு. மஞ்சள், ஸ்தோத்திரத்துக்கு. கேட்கிறவர்கள் அதிகம், நன்றி சொல்ல வருகிறவர்கள் கொஞ்சம். எந்தச் சபையிலும் வெள்ளைதான் முதலில் தீரும்.

"மஞ்சள்லயே எழுதுங்கம்மா. ரெண்டும் ஒரே எடத்துக்குத்தான போவுது" என்றார் மணியடிக்கிற கோயில்பிள்ளை.

அவள் எழுதினாள். நான்கு ஞாயிறாக எழுதுகிற அதே வரி.

மகன் ஆஸ்டின் கண் திறப்பதற்காக.

கீழே தன் பெயர். இரண்டாம் மணி அடித்தது. சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அறிக்கை நேரத்தில், போதகருக்குத் துணையாக இருக்கிற உபதேசியார் மஞ்சளை முதலில் எடுத்தார். பிறந்தநாள் ஒன்று. புதுவீடு ஒன்று. சுகப்பிரசவம் ஒன்று.

அடுத்தது அவளுடையது.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு கணம் பார்த்தார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தாலும் பிழை திருத்தித்தான் திருப்பித் தருவார். மஞ்சள் சீட்டில் 'திறப்பதற்காக' என்று இருந்தால் அவருக்கு அது பிழை. அவ்வளவுதான்.

"சகோதரி பாக்கியகனியின் மகன் ஆஸ்டின் கண் திறந்ததற்காக."

"ஸ்தோத்திரம்" என்றது சபை.

இப்படி ஒரு ஸ்தோத்திரத்தை அவள் அந்தக் கோயிலில் கேட்டதில்லை. ஒரு மாதமாக அவளுக்காக முழங்கால்படியிட்டவர்கள். அவர்கள் சந்தோஷத்தில் பொய்யே இல்லை. அதுதான் கொடுமை.

பக்கத்தில் இருந்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

பாட்டு முடிவதற்குள் அவளும் நம்பிவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி மூன்று மணி நேரம் ஆகிறது. அதற்குள் திறந்திருக்கலாம். இத்தனை பேர் வாயில் வந்திருக்கிறது. சும்மா வருமா?

ஆசீர்வாதத்துக்கு நிற்கவில்லை. ஓடினாள். பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. ஆஸ்பத்திரி மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினாள்.

ஆஸ்டின் அப்படியே கிடந்தான்.

பைக்கிலிருந்து விழுந்த அன்று எப்படிக் கிடந்தானோ அப்படியே. மூக்கில் குழாய். வெந்நீரில் நனைத்த பஞ்சால் அவன் அப்பா இமைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன, இப்படி மூச்சு இளைக்க இளைக்க வார?"

அவள் குனிந்து, மகனின் இமையை விரல் நுனியால் தூக்கினாள். விட்டாள்.

மூடிக்கொண்டது.

இன்னொரு தடவை தூக்கினாள்.

நான்கு மணிக்குச் சபையின் பெண்கள் ஐக்கியத்தார் வந்தார்கள். ஆறு பேர். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், ஒருத்தி கையில் பையனுக்குப் புதுச்சட்டை. போதகரின் மனைவி முன்னால் வந்தார். ஊரே ஐயரம்மா என்று கூப்பிடுகிறவர். வார்டு வாசலில் கேட்ட சிரிப்புச் சத்தம் கட்டில் பக்கம் வந்ததும் நின்றது.

சட்டையைக் கொண்டுவந்தவள் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"கண்ணு தொறந்துட்டான்னுல்லா வாசிச்சாரு, பாக்கியம்?" ஐயரம்மா கேட்டார்.

"திறப்பதற்காகன்னுதான் எழுதினேம்மா. சீட்டுதான் மஞ்சள்."

அவன் அப்பா அவளைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி நனைத்த பஞ்சு கையில் ஆறிக்கொண்டிருந்தது.

வந்தது வந்தாயிற்று, ஜெபம் பண்ணாமல் போக முடியாது. எல்லோரும் தலைகுனிந்தார்கள். ஐயரம்மா "ஆண்டவரே" என்று ஆரம்பித்தார். மேலே ஓடவில்லை. காலையில்தான் நன்றி சொல்லியிருக்கிறது. சாயங்காலம் அதையே எந்த முகத்தோடு கேட்பது?

"ஆண்டவரே" என்றார் மறுபடியும்.

"ஆமென்" என்று யாரோ முடித்துவைத்தார்கள்.

ஆரஞ்சு கட்டிலுக்கடியில் இருந்தது. தின்ன ஆள் இல்லை. புதன்கிழமை வாடிவிட்டது.

உபதேசியாருக்கு அன்றே செய்தி போயிருக்கும். வாரம் முழுக்க அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவர்மேல் அவளுக்குக் கோபமும் வரவில்லை. கோபப்பட வேறொருவர் இருந்தார். அவரிடம்தான் இரவும் பகலும் கேட்டுக்கொண்டும் இருந்தாள். அவரை விட்டால் போக வேறு இடமும் இல்லை.

அடுத்த ஞாயிறு வாசல் மேசையில் வெள்ளைச் சீட்டு புதிதாக அச்சடித்து உயரமாக அடுக்கியிருந்தது. அவளைக் கண்டதும் கோயில்பிள்ளை தானே ஒன்றை உருவி நீட்டினார்.

அவள் மஞ்சளை எடுத்தாள்.

அதே வரி. 'ப்ப'வுக்கு அடியில் ஒரு கோடு போட்டாள். அதன் மேலேயே இன்னொன்று. பேனா அழுத்தியதில் சீட்டு கிழிந்துபோனது.

இன்னொரு மஞ்சளை எடுத்தாள்.

உபதேசியார் அந்தச் சீட்டுக்கு வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார். சபையில் அவளைத் தேடினார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"சகோதரி பாக்கியகனியின் மகன் ஆஸ்டின் கண்" என்றார்.

சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"திறப்பதற்காக."

பிழையோடுதான் வாசித்தார்.

"ஸ்தோத்திரம்" என்று யாரும் சொல்லவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஐயரம்மா பாட்டுப்புத்தகத்தை மூடினார்.

அவள் காத்திருந்தாள்.