தாங்காத டயர்

"அத்தே, எறங்கிக்கோங்க. இதுக்கு மேல ஒங்க வெயிட்டுக்கு டயர் தாங்காது."

டிரைவர் சங்கிலிமுத்து வேனை நிறுத்திவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான். சொன்னது எங்கள் குருவம்மாள் மதினியைப் பார்த்து. மதினிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

ஆமத்தூருக்கு அங்கிட்டு, மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கு. அங்கிருந்து ஊருக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர். பட்டாசுக் கம்பெனியில் பகல் முழுக்க உட்கார்ந்து வெடிக்குத் திரி வைத்துவிட்டு வருகிறோம், பதினோரு பொம்பளைகள். பத்துப் பேர் வேனிலேயே வீடு போய்ச் சேரலாமாம். மதினி மட்டும் நடக்க வேண்டுமாம்.

"ஏலே, போன வருசம் சிக்குன்குனியா வந்து அவகளுக்கு முழங்காலே போயிருச்சு. அவகளப் போயி நடக்கச் சொல்லுதியே, நீயெல்லாம் மனுசனா?" என்று கேட்டேன்.

"டயரு வெடிச்சா நீங்களா வாங்கித் தருவீக?"

"காலைல ஊருக்குள்ள வந்துதான ஏத்துத? அப்ப மட்டும் தாங்குதாக்கும்?"

"காலைல காத்து நெறைய இருக்கும்."

பின்னால் ரெண்டு சிறுசுகள் சிரித்துவிட்டன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதினியோ தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பேசாமல் இறங்கினார்.

"விடு பொன்மணி" என்றார் என்னிடம்.

எப்படி விட முடியும்? ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, மூன்று மாதமாக இதே கூத்துதான். தீபாவளி சீசன், பொழுது சாயத்தான் வேன் வரும். அந்த நேரத்திலும் இறக்கிவிட்டான்.

மதினியும் ஆள் வாடிப்போனார். சேலைக்குக் கொசுவம் ரெண்டு கூடுதலாக வைக்க வேண்டியிருந்தது. மத்தியானம் தூக்குவாளியைத் திறந்தால் கால்வாசிதான் சோறு. மிச்சமெல்லாம் கீரையும் அவரைக்காயும். மனசு விட்டுப்போன மனுசிக்குச் சோறு எப்படி இறங்கும்? வயசான பொம்பளையை உடம்பைச் சொல்லிக் கேவலப்படுத்த இவன் யார்? கேட்க ஆள் இல்லை என்றுதானே இந்தத் திமிர்!

கம்பெனிக்கு மனு எழுதினேன். 'இந்த டிரைவர் எங்களுக்கு வேண்டாம்.' பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டோம். மதினி பயந்த சுபாவம், அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மனுவோடு போர்மேன் காளிராஜ் முன்னால் போய் நின்றோம். படித்துவிட்டுச் சங்கிலிமுத்துவைக் கூப்பிட்டார்.

"என்னலே இது? வயசான ஆள ரோட்டுல எறக்கிவிடுதியாமே?"

"ஆமாண்ணாச்சி. டயரு..."

"நாலு டயரும் போன மாசந்தான புதுசா மாத்துனோம்?"

சங்கிலிமுத்து சட்டைப் பையைத் தடவினான்.

"காரணத்தச் சொல்லு. இல்ல, சாவிய வச்சிட்டுக் கெளம்பு."

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான். ரெண்டு பிள்ளைக்காரன், வேறு பிழைப்பு கிடையாது. அது எனக்கும் தெரியும். தெரிந்தும், நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணாச்சி, சாவிய அவன்கிட்டக் குடுங்க."

திரும்பினால், வாசலில் மதினி. விசயம் காதுக்கு எட்டி, மூச்சு வாங்க ஓடி வந்திருந்தார்.

"எறக்கிவிடச் சொன்னதே நான்தான். அந்த வெயிட்டுப் பேச்சும் நான் சொல்லிக் குடுத்ததுதான்."

போர்மேன் மனுவைக் கீழே வைத்தார்.

"பெரியாஸ்பத்திரிக்குப் போனேன் அண்ணாச்சி. முழங்கால் வலி சிக்குன்குனியாவால இல்ல, ஒடம்புக் கனத்தாலன்னு டாக்டரம்மா சொன்னாக. எம்பத்தி நாலு கிலோ இருந்தேன். இப்படியே விட்டா ஒக்காந்து எந்திரிக்க முடியாது, வேலைக்கே போக முடியாதுன்னாக. 'பட்டினி கெடக்காதீக. சோத்தக் கொறச்சுக் காய்கறியக் கூட்டுங்க. தெனம் அரை மணி நேரம் நடங்க. மாசம் ரெண்டு கிலோ கொறஞ்சாப் போதும், அவசரப்படாதீக'ன்னாக. இப்ப எழுவத்தெட்டு. கைய ஊனாம எந்திரிக்கேன்."

"நல்ல விசயந்தான? அதுக்கு எதுக்கு இம்புட்டு நாடகம்? காலைல எந்திரிச்சு நீங்களா நடக்க வேண்டியதுதான?" என்றார் போர்மேன்.

"நடந்தேன் அண்ணாச்சி. நாலே நாளு. 'பேரன் பேத்தி எடுத்த வயசுல, மினுக்கிக்கிட்டு யாரப் பாக்கக் கெளம்பிட்டாக'ன்னு ஒருத்தி தெருவுல நின்னு கேட்டா. தெருவே சிரிச்சுச்சு. மகன் என்னய வேலைக்குத் தவிர வாசலத் தாண்டக் கூடாதுன்னுட்டான்."

மதினி சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேன்காரன் எறக்கிவிட்டு நடந்தா யாரும் சிரிக்க மாட்டாகள்ல? 'ஏச்ச நான் வாங்கிக்கிடுதேன், நீங்க நடங்க அத்தே'ன்னான் இவன். வேலை போற நெலமையிலயும் என்னயக் காட்டிக் குடுக்கலியே!"

போர்மேன் முகம் சிவந்துவிட்டது.

"யாரு அந்த ஒருத்தி? நம்ம கம்பெனி ஆளா? பேரச் சொல்லுங்க, நான் கேக்கேன்."

மதினி சாவியை எடுத்துச் சங்கிலிமுத்து கையில் கொடுத்தார்.

"பேரு மறந்துபோச்சு அண்ணாச்சி."

மறக்கவில்லை. அப்படிக் கேட்டவள் நான்தான்.