பச்சை கேட்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் பொறியாளர் ஜெசிந்தா, பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஒலிப்பதிவை மறுபடியும் ஓடவிட்டாள். "மாமா மூச்சு விடல, சீக்கிரம் வாங்க, வீடு..." என்ற பெண்குரல் கரகரத்து அறுந்து, "...தெரு, பச்சை கேட்" என்று முடிந்தது. ஊரெல்லாம் பச்சை கேட்டைத் தேடி அலைந்த வண்டி அந்த வீட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை.

மூன்று நெட்வொர்க்குகளைத் தாண்டி வந்த அழைப்பு அது. மூன்று கம்பெனிக்காரர்களும் இப்போது கான்ஃபரன்ஸ் காலில் இருந்தார்கள்.

"அவசர கால், முதல்ல விடுங்கன்னு குறி போட்டுத்தான் அனுப்பினோம் மேடம்," என்றார் முதலாமவர். "எங்ககிட்ட குரல் முழுசா இருந்துச்சு."

"வெளியிலேர்ந்து வர்ற குறிய எடுத்துட்டு, மத்த கால்களோட நெரிசல்லதான் நாங்க உள்ள விடுவோம். அதான் வழக்கம்," என்றார் இரண்டாமவர் நிதானமாக. "ஆனா எங்ககிட்டயும் முழுசாத்தான் இருந்துச்சு."

"எங்ககிட்டயும்," என்றார் மூன்றாமவர்.

ஜெசிந்தா மைக்கை வாயருகே இழுத்தாள்.

"முழுசா வச்சிருந்தவங்க யாராவது ஒருத்தர் சொல்லுங்க. அது எந்தத் தெரு?"

யாரும் பேசவில்லை. அந்த மௌனம் மட்டும் எங்கேயும் அறுபடாமல், மூன்று நெட்வொர்க்குகளையும் கடந்து, துல்லியமாக அவள் காதுக்கு வந்து சேர்ந்தது.