ஒரு கோப்பை மா

"கோப்பைக் கணக்கு வேணாம் அக்கா. நீங்க எப்பவும் போடுற மாதிரிப் போடுங்க, நான் நிறுத்து எழுதுறன்" என்றாள் ஸாலிஹா.

பேக்கரிக் குசினி மேசையில் தராசு இருந்தது. முதலாளி ஸஹாப்தீனின் மனைவியான அவள் பென்சிலும் தாளுமாக அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

கமலாதேவி பதினொரு வருடமாக அந்தக் குசினியில் கேக் அடிக்கிறவள். துறைமுகத்தில் இறங்கும் கப்பல்காரர்கூட அவளுடைய பட்டர் கேக்கைக் கேட்டு வருவார்கள். மா, சீனி எல்லாவற்றுக்கும் அவளுக்கு அளவு ஒரு பீங்கான் கோப்பைதான்.

"இப்ப என்னத்துக்குத் தங்கச்சி இதை நிறுக்கிறது?"

"ஒரு தேவைக்கு. பிறகு சொல்றன்."

ஸாலிஹா சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தாள். அந்தச் சிரிப்பு கமலாதேவியைச் சுட்டது.

தேவை என்னவென்று அவளுக்குத் தெரியாதா? போன வருடம் இதே பேக்கரியில் பாண் போட்ட முஹம்மது தம்பியிடமும் இப்படித்தான் அளவு கேட்டு எழுதினார்கள். அடுத்த மாதமே முதலாளியின் மச்சான் கிண்ணியாவிலிருந்து வந்து, அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி வைத்துப் பாண் போடத் தொடங்கினான். முஹம்மது தம்பி இப்போது துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார்.

வழக்கமாகக் கமலாதேவி மாவை அரிதட்டில் இரண்டு தரம் அரித்து, அலுங்காமல் கோப்பையில் சொரிவாள். அன்று அரிக்கவில்லை. கோப்பையைச் சாக்குக்குள் விட்டு அள்ளி, கரண்டியின் பின்பக்கத்தால் அமுக்கி, மேலே இன்னும் போட்டு அமுக்கினாள். பார்வைக்கு ஒரு கோப்பை மாதான்.

"நூற்றி அறுபது கிராம்" என்று ஸாலிஹா எழுதினாள். "இப்பிடி மூண்டு கோப்பை. சரிதானே அக்கா?"

"ஓம், சரி."

உண்மையில் ஒரு கோப்பை நூற்றிருபதுக்கு மேல் வராது. வாறவன் அடிச்சுப் பாக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாளும் மனம் லேசாக இருந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்தபோது, மகள் புஸ்பராணி நல்ல சேலையோடு கதிரையில் இருந்தாள். மூன்று வருடமாக வேலை தேடி அலைகிறவள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"எங்க போனனீ பிள்ளை?"

"நிலாவெளிக்கு. புது ஹோட்டலில கேக் அடிக்கிறதுக்கு ஆள் எடுத்தவை. கிடைச்ச பிறகு உங்களுக்குச் சொல்லுவம் எண்டு இருந்தனான்."

"கிடைக்கேல்லையோ?"

"அங்கயே ஒரு கேக் அடிச்சுக் காட்டச் சொன்னவை. கல்லு மாதிரி வந்திட்டுது அம்மா. அங்கத்தை வெள்ளைக்காரக் குக் ஒரு துண்டு வெட்டினான், வாயில வைக்கேல்லை. இனி வரவேண்டாம் எண்டிட்டினம்."

கமலாதேவி மகளின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"கேக் எண்டால் என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ராசாத்தி."

"அங்க கோப்பை அளவில்லை அம்மா, எல்லாம் தராசுதான். அதுதான் உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டு ஸாலிஹா அக்காட்டைக் கெஞ்சி, உங்கட கையால போட்ட அளவை நிறுத்து எழுதி வாங்கினனான்" என்றாள் புஸ்பராணி. "ஒரு கிராமும் மாத்தேல்லை."